காப்பு கட்டின நேரத்தில் பார்த்த மாப்பிள்ளை

ஊர்ல காப்பு கட்டியிருக்கும்போது மாப்பிள்ளை பார்க்கப் போகாதீங்க. யார் கேட்டாலும் கேக்காட்டியும் நான் இதைச் சொல்லிடுவேன்.

எங்கப்பா கூலிக்குத் தறி நெய்யறவரு. பெரிய காஞ்சிபுரத்துல ஒரு சந்துல எங்க வீடு. முசரவாக்கம் தாண்டி உள்ளே போற ஒரு ஊர்ல இருந்து, அம்மனுக்குச் சாத்தறதுக்குன்னு அரக்கு உடம்பு, பச்சை பார்டர்ல ஒரு பட்டுப் புடவை சொல்லியிருந்தாங்க. நெய்து முடிச்ச கையோட அப்பாவே அதை எடுத்துக்கினு போனாரு. அங்க தீமிதித் திருவிழா நடந்துக்கினு இருந்துச்சு. புடவை சொன்ன வீட்டுல அண்ணன் தம்பிங்க நாலு பேரு. நாலு பேரும் கையில காப்பு கட்டி, மஞ்சத் துணி உடுத்திக்கினு, நெத்தி நிறைய விபூதியோட கோயில் வாசல்ல உட்கார்ந்திருந்தாங்களாம். அப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்னு, "வாங்கய்யா"ன்னு கூப்பிட்டு மோர் குடுத்தாங்களாம். மூத்தவரு ஆறடி ஆளு. கூழ் ஊத்தற இடத்துல ஒரு பொம்பளை ஏதோ கோவத்துல திட்டினதுக்குக் கூட தலையைக் குனிஞ்சிக்கினு நின்னாராம்.

"நாலும் பசு மாடு. வாயில விரலை வச்சாக்கூட கடிக்கத் தெரியாது." வீட்டுக்கு வந்து அப்பா சொன்னது இதான்.

காப்பு கட்டினா எங்க பக்கம் எல்லாருமே அப்படித்தான். கவுச்சி கிடையாது, குடி கிடையாது, கெட்ட வார்த்தை வாயில வரக்கூடாது. கையை ஓங்கினா நெருப்புல கால் வெந்துடும்னு பயம். வருஷம் பூரா வெட்டுவேன் குத்துவேன்னு திரியறவனும் காப்பு அவுக்கற வரைக்கும் பூனைக்குட்டிதான். இது எங்கப்பாவுக்குத் தெரியாதா? என்னை விட நல்லாவே தெரியும். பொண்ணைப் பெத்தவன் கண்ணுக்கு மட்டும் அது தெரியல. ஜாதி ஜனமும் ஒண்ணு, ஜாதகமும் பொருந்துது, மூணாவது புள்ளைக்கு என்னைக் கேட்டாங்க. கேட்ட வாய் மூடறதுக்குள்ள சரின்னுட்டாரு.

கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரங்க ஊர் திரும்பறதுக்குள்ள எனக்கு விஷயம் புரிஞ்சிடுச்சு. எதிர் வீட்டுக்காரன் டிராக்டரை வழியில நிறுத்திட்டான். அவ்வளவுதான் விஷயம். எடுடான்னு சொல்லியிருந்தா எடுத்திருப்பான். வாசல்ல சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்க்கறேன், மூத்தவரு அந்த ஆளு கழுத்தைப் பிடிச்சிக்கினு இருக்காரு, ரெண்டாவது ஆளு கையில மண்வெட்டி, கடைசித் தம்பி டிராக்டர் மேல ஏறி நின்னு கத்திக்கினு இருக்கான். எங்க வீட்டுக்காரரு எங்கேன்னு பார்த்தா, மூத்தவரோட இடுப்பைப் பின்னாலேர்ந்து ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சிக்கினு நிக்கறாரு. நிக்கறாரா? எங்க நிக்கறது! அண்ணன் முன்னாடி போறாரு, இவரு சேத்துல காலை ஊனிக்கினு பின்னாடியே இழுபடறாரு. முழங்கை பட்டு உதடு கிழிஞ்சி போச்சு. பிடியை மட்டும் விடல.

எல்லாம் அடங்கின பிறகு, நெத்தி உடைஞ்சி உட்கார்ந்திருந்த டிராக்டர்காரனை இவருதான் பைக்ல ஏத்திக்கினு பெரியாஸ்பத்திரிக்குப் போனாரு. கல்யாண வேட்டியெல்லாம் அவன் ரத்தம். திரும்பி வந்து குளிச்சிட்டு, அதே அண்ணனுங்க பக்கத்துல உட்கார்ந்து சோறு தின்னாரு.

தனியா மாட்டினதும் கேட்டேன்.

"உங்களுக்குப் பயமா?"

"இல்லியே."

"அப்புறம் ஏன் திருப்பி அடிக்கல?"

"யாரை?"

நெஜமாவே தெரியாமத்தான் கேட்டாரு. அந்த முகத்தைப் பார்த்தப்பதான் எனக்கு அவரைப் பிடிச்சிப் போச்சுன்னு நெனைக்கிறேன். அதுக்கு முன்னாடி தாலி மட்டும்தான் கட்டியிருந்தாரு.

"சரி, அடிக்கவும் மாட்டீங்க, தடுக்கவும் முடியல. எதுக்கு அங்க போறீங்க?"

"நான் போனா ரெண்டு அடி கம்மியா விழும்." இதுதான் பதில். கடைசி வரைக்கும் இதேதான் பதில்.

ஊர்ல எங்க வீட்டுக்கு அரக்கர் வீடுன்னு பேரு. முகத்துக்கு நேரா யாரும் சொல்லமாட்டாங்க. ஏரி மீன் ஏலமா, கோயில் முதல் மரியாதையா, பஞ்சாயத்துத் தேர்தலா, கரும்பு வெட்டற ஆளுங்களுக்கு டீ லேட்டா வந்துச்சா, எதுவா இருந்தாலும் எங்க வீட்டு ஆம்பளைங்க கை நீளும். அவங்கப்பாவும் அப்படித்தானாம், அவருக்கு முன்னாடி இருந்தவங்களும் அப்படித்தானாம். நான் வந்த புதுசுல, "இந்த வீட்டுல பொறந்த புள்ளைன்னா முதல்ல பல்லு முளைக்காது, முஷ்டிதான் முளைக்கும்"னு தண்ணி பிடிக்கற இடத்துல ஒருத்தி சொன்னா. நானும் சிரிச்சேன். வேற என்ன செய்யறது?

இவரை மட்டும் ஊரே வேற மாதிரி பார்த்துச்சு. சிலருக்குப் பரிதாபம், சிலருக்குக் கிண்டல். டீக்கடைல ஒருத்தன், "நீ அரக்கர் குலத்துல பொறந்த நல்ல தம்பிப்பா, கதையில வர்றவனாட்டம்"னு சொன்னானாம். இவருக்குக் கோவமே வராதுன்னு சொல்வாங்க, அன்னைக்கு வந்திருக்குது. "அவன் அண்ணனை விட்டுட்டு எதிராளி பக்கம் போனவன்பா. நான் எங்க போனேன்?"னு கேட்டுட்டு டீயைப் பாதியில வச்சிட்டு வந்துட்டாரு. வீட்டுக்கு வந்தும் ரொம்ப நேரம் முகம் சரியில்ல. நான் என் பங்குக்கு, "அவன் போனதுல என்ன தப்பு? ராஜ்ஜியம் கிடைச்சிதே"ன்னு சொன்னேன். "எனக்கு ராஜ்ஜியம் எதுக்குமா"ன்னாரு.

உள்ளதைச் சொல்லணும். அந்த அண்ணனுங்களும் அவர் மேல உசிரையே வச்சிருந்தாங்க. சின்ன வயசுல இவருக்குத் தொண்டையில மீன் முள்ளு சிக்கி செத்துப் பிழைச்சாராம். அதுலேர்ந்து மீன் குழம்பு வச்சா மூத்தவருதான் முள்ளு எடுத்துத் தரணும். ஒருத்தன் தாடையைப் பேத்துட்டு வந்த அதே கை, தம்பி தட்டுல விராலை உதிர்த்து, ஒவ்வொரு முள்ளா தடவித் தடவி எடுத்து ஓரமா வைக்கும். முப்பது வயசு தாண்டின ஆளுக்கு! நான் எடுத்துத் தர்றேன்னா, "உனக்குத் தெரியாது, நீ போம்மா"ன்னுடுவாரு. அதைப் பார்த்துக்கினு இருக்கும்போது அந்த ஆளை வெறுக்கவும் முடியாது, வெறுக்காம இருக்கவும் முடியாது.

நான் அவ்வளவு நல்லவ கிடையாது. எனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும். சாது மிரண்டா காடு கொள்ளாதுன்னு சொல்றாங்களே, இந்தச் சாது எப்பதான் மிரளும்னு காத்துக்கினு இருந்தேன். ஒரு நாள் தாங்காம, "ஒரே ஒரு தரம் கையை ஓங்கித்தான் காட்டுங்களேன், என் மேலயே ஓங்குங்க, நான் பார்க்கணும்"னு கத்தினேன். பாவம், நான் கேட்டேன்னு ஓங்கினாரு. ஓங்கின கையை அண்ணாந்து பார்த்தாரு. அப்புறம் அதை வச்சித் தலையைச் சொறிஞ்சிக்கினாரு. எனக்குச் சிரிப்பு வந்து, அப்படியே அழுகையும் வந்துடுச்சு.

ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டாலும் மத்த மூணு பேரோட இவரும் போவாரு. நீ சம்பவ இடத்துல இருந்தியான்னு கேட்டா இருந்தேன்னு சொல்வாரு. அடிச்சியான்னா இல்லம்பாரு. "இல்லவே இல்ல, வயல்ல இருந்தேன்னு சொல்லித் தொலையேன்யா"ன்னு வக்கீலே தலையில அடிச்சிக்குவாரு. "அண்ணனுங்க கூட இருந்துட்டு இல்லன்னு எப்படிங்க சொல்றது?" இப்படி ஒரு மனுஷனை வச்சிக்கினு என்ன பண்றது, சொல்லுங்க.

பொண்ணு பொறந்து பள்ளிக்கூடம் போற வயசு வந்துச்சு. அந்த வருஷம் உள்ளாட்சித் தேர்தல்ல ரெண்டாவது அண்ணன் நின்னு ஜெயிச்சாரு. ஜெயிச்ச சந்தோஷத்துல தோத்தவன் வீட்டு முன்னாடி போய் ஆடியிருக்காங்க. மறுநாள் மத்தியானம் அவனுங்க ஆளுங்க வந்துட்டாங்க. ஆம்பளைங்க யாரும் வீட்டுல இல்ல. கதவை உடைச்சி, டிவியை உடைச்சி, அம்மிக்கல்லைக் கூட விடல. நானும் பொண்ணும் நெல்லு மூட்டைக்குப் பின்னாடி உட்கார்ந்திருந்தோம். அவ வாயை நான் பொத்தினேன், என் கையை அவ கடிச்சா. அவனுங்க போன பிறகும் பல்லை எடுக்கல.

அன்னைக்கே முடிவு பண்ணேன். செவிலிமேட்டுல பாலாத்துப் பக்கமா புதுசா வீடுங்க கட்டிக்கினு இருந்தாங்க. ஒண்ணு வாடகைக்குப் பிடிச்சேன். டவுன்ல ஒரு பட்டுக் கடையில வேலைக்கும் சொல்லி வச்சேன். அவருகிட்ட சொன்னேன். ஒரு வார்த்தை மறுத்துப் பேசல. நல்லதும்மான்னாரு. டாடா ஏஸ் பிடிச்சி சாமானெல்லாம் ஏத்தினாரு. பீரோவை முதுகுல தூக்கி மாடி ஏத்தினாரு. ஃபேன் மாட்டினாரு, கேஸ் அடுப்புக்கு டியூப் மாட்டினாரு, பொண்ணுக்குப் புத்தகம் வைக்கப் பலகை அடிச்சிக் குடுத்தாரு. நான் பால் காய்ச்சி டம்ளர்ல ஊத்திக் குடுத்தேன். குடிச்சிட்டு எழுந்து செருப்பை மாட்டினாரு.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"வூட்டுக்கு."

"அப்ப இது என்னவாம்?"

"இது உங்க ரெண்டு பேருக்கும்மா. நான் வந்துட்டா அங்க பிடிக்கறதுக்கு ஆளு ஏது? ஒருத்தனையாவது கொன்னுட்டு ஜெயிலுக்குப் போயிடுவானுங்க."

"போகட்டுமே! போய்த் தொலையட்டும்!"

"அப்படிச் சொல்லாதேம்மா. சாவறவன் யாரு வூட்டுப் புள்ளையோ." படியில ஒரு கால் வச்சாரு. "இவனுங்களும் எனக்கு வேணும்"னாரு. போயிட்டாரு.

நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். வேற சொத்து சுகம் எதுவும் கேக்கல. ஒரே வீட்டுல அவரோட இருக்கணும். விடியும்போது அவர் பக்கத்துல இருக்கணும். அதுக்குப் பொறவு எத்தனையோ வருஷம் அதையேதான் கேட்டுக்கினு இருந்தேன்.

ஞாயித்துக்கிழமை வருவாரு. கத்திரிக்காயோ, எங்க பக்கம் மல்லாட்டைங்கற வேர்க்கடலையோ ஒரு பையில கட்டிக்கினு, காலையில டவுன் பஸ்ல வந்து இறங்குவாரு. நான் ஜன்னல்ல நிக்கவே இல்லங்கற மாதிரி உள்ளே ஓடிப்போய் அடுப்பாண்ட நின்னுக்குவேன். பொண்ணுக்குக் கணக்கு சொல்லித் தரத் தெரியாது, ஆனா அவ போடறதைப் பார்த்துக்கினே பக்கத்துல உட்கார்ந்திருப்பாரு. கொழாய் ஒழுகினா சரி பண்ணுவாரு. மத்தியானம் சாப்பிட்டுட்டு, ஃபேன் காத்துல தரையில கொஞ்சம் கண்ணசருவாரு. நான் பக்கத்துல உட்கார்ந்து வெங்காயம் உரிச்சிக்கினு அவர் மூச்சு விடறதையே பார்ப்பேன். வெயில் சாஞ்சதும் எழுந்துடுவாரு. பொழுது போனா அண்ணனுங்க குடிச்சிட்டு வம்பு தேடற நேரம், அதுக்குள்ள அங்க இருந்தாகணும். இன்னைக்கு ஒரு ராத்திரி இருங்களேன்னு கேப்பேன். "அடுத்த வாரம் பார்க்கலாம்மா." பொண்ணு காலைக் கட்டிக்கும். அவளையும் மெதுவாப் பிரிச்சி விட்டுட்டுப் போவாரு. எவன் எவனையோ கட்டிப் பிடிச்சி நிறுத்தின மனுஷன், எங்க கையை மட்டும் பிரிச்சி விட்டுடுவாரு. ஒரு ராத்திரி அந்த வீட்டுல தங்கினதில்ல.

தினமும் சாயங்காலம் போன் பண்ணுவாரு. "சாப்டியாம்மா?" சாப்பிடற நேரமே ஆகியிருக்காது. நான் அதுக்கும் கத்துவேன். பேசாம கேட்டுக்கினு இருப்பாரு. நான் கத்தி முடிச்சப்புறம், "சரி, பொண்ணுகிட்ட குடு"ன்னுவாரு.

பட்டுக் கடையில நாள் முழுக்க புடவையை விரிச்சிப் போடறது, மடிச்சி வைக்கறது, இதான் வேலை. முகூர்த்தப் புடவை எடுக்கக் குடும்பம் குடும்பமா வருவாங்க. நான் புடவையைப் பார்க்கமாட்டேன். பின்னாடி பை தூக்கிக்கினு, கொட்டாவி விட்டுக்கினு உட்கார்ந்திருக்கற புருஷனுங்களைத்தான் பார்ப்பேன். "எதையாவது எடுத்துத் தொலைடி, பசிக்குது"ன்னு ஒருத்தன் சொல்வான். அவளும் வெடுக்குன்னு ஏதாவது சொல்வா. அப்புறம் ரெண்டு பேரும் ஒரே வண்டியில ஒரே வீட்டுக்குப் போவாங்க. எனக்கு அது மேலதான் ஆசை. ஜரிகை மேல இல்ல.

உனக்கென்னடி, சாந்தமான புருஷன், கையை நீட்டி ஒரு அடி உண்டான்னு கடையில கூட வேலை செய்யறவ ஒருத்தி சொல்லுவா. அவ வீட்டுக்காரன் அடிக்கறவன். எங்க வீட்டுக்காரரு அடிக்கல, திட்டல, இன்னொருத்தி பின்னாடி போகல. அண்ணனுங்க பின்னாடி போனாரு.

காலம் யாரை விட்டுச்சு? மூத்தவருக்கு சுகர் வந்து கால் விரல் ஒண்ணை எடுத்துட்டாங்க. ரெண்டாவது ஆளுக்கு முட்டி வலி, மாடிப்படி ஏற முடியல, மனுஷன் எங்கேர்ந்து மண்வெட்டி தூக்கறது? கடைசித் தம்பி குடியை விட்டுட்டு ஆடிக்கு ஆடி அம்மனுக்கு மாலை போட ஆரம்பிச்சிட்டான். எங்க பொண்ணும் படிச்சி முடிச்சி பெங்களூர்ல வேலைக்குப் போயிட்டா. ஒரு ஞாயித்துக்கிழமை சோத்தைப் பிசைஞ்சிக்கினே, "அடங்கிட்டானுங்கம்மா. இனிமே என்ன, நான் இங்கியே வந்துடலாம்னு பார்க்கறேன்"னாரு. கையில இருந்த கரண்டியை நான் கீழ வைக்கவே இல்ல. திரும்பிக்கூடப் பார்க்கல. பார்த்தா வார்த்தையை மாத்திடுவாரோன்னு பயம்.

அப்ப ஆனி கடைசி. ஆடி பொறக்கப் போவுது. ஆடியில யாராவது குடி போவாங்களா? ஆவணி பொறக்கட்டும், முதல் வெள்ளிக்கிழமை வந்துடறேன்னாரு. நானும் சரின்னேன். இத்தனை வருஷம் இருந்தாச்சு, ஒரு ஆடி என்ன. ஞாயித்துக்கிழமைக்கு ரெண்டு சட்டையா எடுத்தாந்து வைக்க ஆரம்பிச்சாரு. நான் பீரோவுல ஒரு தட்டைக் காலி பண்ணிக் குடுத்தேன். இதை வெளியில சொன்னா சிரிப்பாங்க, இந்த வயசுல புதுப்பொண்ணாட்டம் பண்றாளேன்னு. பண்ணேன். தலைக்கு டை கூட அடிச்சிக்கினேன்.

ஆடி பாதியில ஒரு மத்தியானம் கடைக்குப் போன் வந்துச்சு. வயல்ல வரப்பு வெட்டிக்கினு இருந்தவரு நெஞ்சைப் பிடிச்சிக்கினு உட்கார்ந்துட்டாராம். அண்ணனுங்க வண்டியில போட்டு டவுனுக்குக் கொண்டாந்துட்டாங்களாம். ஆட்டோ பிடிச்சி ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, எங்க பொண்ணு வயசுல ஒரு டாக்டர் பொண்ணு, கையைக் கட்டிக்கினு நின்னு அண்ணனுங்ககிட்ட சொல்லிக்கினு இருந்துச்சு. வரும்போதே நாடி இல்ல, எங்களால ஆனதெல்லாம் செஞ்சி பார்த்தோம்னு.

"ஏய், பேசிக்கினு வந்தான் அவன்! பேசிக்கினே வந்தான்!" மூத்தவரு கத்தினாரு. எடுத்த விரலு, சுகரு, வயசு எல்லாம் எங்க போச்சோ தெரியல. பழையபடி அதே ஆறடி அரக்கன். கடைசித் தம்பி மாலையோட ஒரு நாற்காலியைத் தூக்கிட்டான். ரெண்டாவது ஆளு அந்தப் பொண்ணு கோட்டைப் பிடிச்சி இழுத்துட்டாரு. அது வெளுத்துப் போய் சுவரோட ஒட்டிக்கினு நின்னுச்சு. செக்யூரிட்டி ஓடிட்டான்.

நெஜத்தைச் சொல்றேன், எனக்கும் உடைக்கணும்னுதான் இருந்துச்சு. அந்தக் கண்ணாடியை, அந்தக் கட்டிலை, ஆடி மாசத்தை, கையில கிடைக்கற எல்லாத்தையும். உடைங்க மாமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அப்பதான் கண்ணுல பட்டுச்சு, அவங்களுக்குப் பின்னாடி யாருமே இல்ல. பிடிக்கறதுக்கு அங்க ஒரு ஆளு இல்ல.

அந்த வீட்டு வழக்கத்துல மூத்தார் எதிர்ல, புருஷனோட அண்ணன் எதிர்ல, மருமக நிமிர்ந்து நிக்கக் கூடாது. நான் போய் மூத்தவரோட மார்பு மேல ரெண்டு கையையும் வச்சித் தள்ளினேன். "விடுங்க மாமா. அந்தப் பொண்ணை விடச் சொல்லுங்க. அது யாரு வூட்டுப் புள்ளையோ. வூட்டுக்குப் போலாம், வாங்க."

அவரு என்னைப் பார்த்தாரு. யாரோ பின்னாலேர்ந்து இழுப்பாங்கன்னு எதிர்பார்த்து நின்ன மாதிரி, உடம்பு ஒரு பக்கமா சாஞ்சிது. வாயெல்லாம் கோணிக்கினு, அவ்வளவு பெரிய மனுஷன் ஓன்னு அழுதாரு.

"அவனை விட்டுட்டு நாங்க எப்படிம்மா வூட்டுக்குப் போறது?"

"எனக்கு என்ன மாமா தெரியும்"னேன். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நானும் அதைத்தான் கேட்டுக்கினு இருந்தேன்."

நாற்காலியைக் கீழ வச்சிட்டாங்க. ரெண்டாவது ஆளு கையை எடுத்துட்டாரு. அந்த டாக்டர் பொண்ணு கீழ உட்கார்ந்து அழ ஆரம்பிச்சுது. மூத்தவரு துண்டால முகத்தைத் துடைச்சிக்கினு, ஊருக்கு வேணாம், உன் வூட்டுக்கே எடுத்துக்கினு போலாம்மான்னாரு. பொறந்த வீட்டுக்குத்தான் பொணத்தை எடுத்துப் போவாங்க, பங்காளிங்க பேசுவாங்களேன்னு நான் சொன்னேன். "பேசட்டும்"னாரு.

அண்ணன் தம்பிங்க மூணு பேரும்தான் தூக்கிக்கினு மாடி ஏறினாங்க. முட்டி வலிக்காரரும் ஏறினாரு. கூடத்துல ஃபேனுக்குக் கீழ, அவர் கண்ணசர்ற இடத்துலயே போட்டோம். பெங்களூர்லேர்ந்து பொண்ணு வந்து சேரணும், அதனால காலையிலதான் எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. ஊர் ஜனம் வந்து போனாங்க. மூத்தவரு வாசல்ல பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்தாரு. நான் உள்ளே அவர் பக்கத்துல உட்கார்ந்தேன். விடியற வரைக்கும் எழுந்திருக்கல.

அந்த வீட்டுல அவர் தங்கின ராத்திரி அது ஒண்ணுதான்.